அறுபதுக்கு மேல் மும்பையில் இசை ஊழியம்: வருவதற்கு முன் படியுங்கள்

கணவன் மனைவியாக ஊழியத்துக்கு வந்து பிள்ளைகளுக்குப் பாட்டும் கீபோர்டும் சொல்லித்தரப் போகிறீர்களா? முதலில் வீடு. முழங்கால் வலிக்குப் பயந்து கீழ்த்தளம்தான் பார்ப்பீர்கள், சரி, ஆனால் சயான், தாராவிப் பக்கம் என்றால் மழைக்குத் தண்ணீர் உள்ளே வருமா என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள், புரோக்கரிடம் கேட்காதீர்கள்.

காலையில் குழாய்த் தண்ணீர் வரும் நேரத்துக்கு எந்த வேலையும் வைக்காதீர்கள். லோக்கல் ரயிலில் போவதானால் பதினொரு மணிக்குப் பிறகு.

வகுப்பு பள்ளி விட்டபின் ஐந்து மணிக்கு. 61 கட்டை கீபோர்டு போதும். வலது கையில் ஸ ரி க மூன்றும் முதல் மூன்று விரல்கள், ம வரும்போது கட்டைவிரல் உள்ளங்கைக்கு அடியில் நுழைந்து வர வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் இங்கேதான் முழங்கையைத் தூக்குவார்கள். என் மனைவி அந்த முழங்கைக்கு அடியில் ஒரு பாட்டுப் புத்தகத்தைச் செருகிவிடுவாள், விழாமல் வாசித்தால் ஒரு கடலை மிட்டாய். நான் ஒரு வாரம் கத்தியதை அது ஒரே நாளில் செய்தது.

ஆர்மோனியத்தை இங்கே பேட்டி என்பார்கள், நம் பெட்டிதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், உள்ளே ஒலி தரும் உலோக நாக்கு, அதாவது ரீடு, கெட்டுவிடும்.

அப்புறம், மதியம் ஒரு மணி நேரம் தூங்குங்கள்.