28 மூட்டுகளை எண்ணுவது எப்படி: முடக்குவாத ஆய்வு வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

முடக்குவாதத்துக்கு ஒரு புது மருந்தைச் சோதிக்கிறார்கள் என்றால், அது வேலை செய்ததா என்று சொல்ல ரத்தப் பரிசோதனை மட்டும் போதாது. நோயாளியின் மூட்டுகளை ஒருவர் கையால் அழுத்திப் பார்த்து, எத்தனை மூட்டில் வலி, எத்தனையில் வீக்கம் என்று எண்ண வேண்டும். அந்த எண்ணும் வேலைதான் என்னுடையது. பிசியோதெரபி படித்துவிட்டு மதுரையில் மூட்டுவாத ஓ.பி. ஒன்றில் ஆய்வுகளுக்கு மூட்டு எண்ணித் தருகிறேன். புதிதாகச் சேருகிற பிள்ளைகள் பலர் "ஃபாரம் நிரப்புறதுதானே அக்கா" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எந்த 28 என்று தெரிந்துகொள்ளுங்கள். தோள்பட்டை இரண்டு, முழங்கை இரண்டு, மணிக்கட்டு இரண்டு, முழங்கால் இரண்டு, ஆக 8. மீதி 20-ம் கைவிரல்களில். உள்ளங்கையோடு விரல் சேரும் முட்டி 10, அதற்கு அடுத்த நடுக்கணு 10. கட்டைவிரலுக்கு ஒரே கணுதான் என்பதால் அங்கே அதையே எடுத்துக்கொள்கிறோம். நகத்தை ஒட்டிய கடைசிக் கணு இந்தக் கணக்கில் கிடையாது. இடுப்பும் பாதமும் கிடையாது. நெதர்லாந்தில் நிய்மேகன் நகர ஆய்வாளர்கள் 44 மூட்டு பார்த்துக்கொண்டிருந்த பழைய கணக்கைச் சுருக்கி 1995-ல் கொண்டுவந்த டாஸ் 28 என்ற நோய்த் தீவிர மதிப்பெண்தான் இன்றைக்குப் பெரும்பாலான ஆய்வுகளில் ஓடுகிறது. சில ஆய்வுகள் 66, 68 மூட்டு கேட்கும். 28 கைக்கு வந்துவிட்டால் அதுவும் வந்துவிடும்.

உங்கள் கட்டைவிரலுக்கு எவ்வளவு கனம் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். டாஸ் 28-ல் நான்கு விஷயம் சேருகிறது. வலி மூட்டு எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை 0.56-ஆல் பெருக்க வேண்டும். வீக்க மூட்டு எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை 0.28-ஆல் பெருக்க வேண்டும். அப்புறம் இ.எஸ்.ஆர். (உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவின் இயல் மடக்கையை (ln) 0.70-ஆல், தன் உடல்நிலை எப்படி இருக்கிறது என்று நோயாளி 100 மி.மீ. கோட்டில் தானே போடும் குறியை 0.014-ஆல். ஓர் அம்மாவுக்கு வலி மூட்டு 4, வீக்க மூட்டு 4, இ.எஸ்.ஆர். 28, கோட்டில் 50 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 4.71 வரும். அதே அம்மாவை அதே நாளில் கொஞ்சம் முரட்டுத்தனமாக அழுத்துகிற ஒருவர் பார்த்து வலி மூட்டு 9 என்று எழுதினால் 5.27. 5.1-க்கு மேல் போனாலே தீவிர நோய் என்று கணக்கு. அந்த அம்மாவின் உடம்பில் எதுவும் மாறவில்லை. அழுத்திய ஆள்தான் மாறினார். ஒரு மருந்தால் 1.2-க்கு மேல் இறங்கினால்தான் நல்ல பலன் என்பார்கள். அதில் கிட்டத்தட்ட பாதியை நம் கை ஒன்றே ஏற்றி இறக்கிவிடும். அதனால்தான் ஆய்வு முடியும்வரை ஒரு நோயாளியை ஒரே ஆள் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார்கள். முடிந்தால் அதே நேரத்தில் வரச் சொல்லுங்கள். காலை 8 மணிக்கு விறைத்துக்கிடக்கும் கையும் மதியம் 2 மணிக்குப் பார்க்கும் கையும் வேறு வேறு.

அறைக்குள் வரும் முன் செய்ய வேண்டியவை கொஞ்சம் உண்டு. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். ஏசி அறையில் உட்கார்ந்திருந்தால் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். ஜில்லென்ற கை பட்டாலே நோயாளி இழுத்துக்கொள்வார். மோதிரத்தைக் கழற்றச் சொல்லுங்கள், வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம். வளையலை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டு மணிக்கட்டைப் பாருங்கள். சேலை கட்டிய அம்மாக்களின் முழங்காலைப் பார்க்கத் திரையும் துணைக்கு ஒரு பெண்ணும் வேண்டும். துணிக்கு மேலேயே தடவிப் பார்த்து எழுதுகிற பழக்கத்தை ஒருபோதும் பிடித்துக்கொள்ளாதீர்கள். வலி மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டியது ஒருங்கிணைப்பாளரின் வேலை. கேட்டார்களா என்று பார்த்துக்கொள்வது நம் வேலை.

சரி, அழுத்தம். உங்கள் கட்டைவிரல் நகத்தின் நுனி வெளுக்கிற அளவுதான் அழுத்தம். அதற்கு மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம். மேசை விளிம்பில் அழுத்தி அழுத்தி நகத்தைப் பார்த்துப் பழகுங்கள். அழுத்தும் இடம் மூட்டின் விளிம்புக் கோடு. பக்கத்துத் தசையையோ எலும்பின் நடுவையோ அழுத்திவிட்டு வலிக்கிறதா என்று கேட்பதில் பயன் இல்லை.

விரல் கணுவுக்கு நான்கு விரல் வேண்டும். நோயாளியின் வலது ஆள்காட்டி விரலை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஒரு கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கணுவின் இரு பக்கமும் இருக்கட்டும். இன்னொரு கையின் இரண்டு விரலும் மேலும் கீழும். மேல் கீழாக மெதுவாக அழுத்துங்கள். உள்ளே நீரோ தடித்த சவ்வோ இருந்தால் பக்கவாட்டில் வைத்திருக்கும் விரல்களில் ஒரு தள்ளல் தெரியும். பழுத்த திராட்சையை அமுக்கினால் வருமே, அந்த மாதிரி. அதுதான் வீக்கம். கல் மாதிரி கெட்டியாக, அமுங்காமல் இருந்தால் அது எலும்பு வளர்ச்சி. வயதானவர்களின் தேய்மானத்தில் வருவது. பார்க்கப் பெரிதாகத்தான் இருக்கும், வீக்கம் என்று எழுதக் கூடாது. அதேபோல விரல் கோணிப்போயிருப்பதும் வீக்கம் ஆகாது. பல வருடம் நோய் இருந்தவர்களின் கை வளைந்து நெளிந்திருக்கும்; அவற்றில் பல கணுக்கள் இன்றைக்கு அடங்கிக் கிடக்கும். கண் பார்த்ததை வைத்து எழுதாமல் விரல் சொன்னதை எழுதுங்கள்.

முட்டிகளுக்கு நோயாளியின் விரல்களை லேசாக மடக்கி, உங்கள் இரண்டு கட்டைவிரலையும் மேலே ஓடும் தசைநாணின் இரு பக்கப் பள்ளத்தில் வைத்து அழுத்துங்கள். அந்தப் பள்ளம் நிரம்பியிருந்தாலே சந்தேகப்படலாம். முழங்கையில் வெளிப்பக்கம், முழங்கை முனைக்கும் பக்க எலும்பு முனைக்கும் நடுவில் ஒரு குழி இருக்கும். நீர் இருந்தால் அது மேடாகும். முழங்காலில் நீர் கொஞ்சமாக இருந்தால் உட்பக்கத்தை மேல்நோக்கி வழித்துவிட்டு, வெளிப்பக்கத்தைக் கீழ்நோக்கித் தடவுங்கள். உட்பக்கம் திரும்ப உப்பினால் நீர். தோள்பட்டையில் வீக்கம் வெளியே தெரிவது அரிது, வலியைத்தான் அதிகம் பார்ப்போம். மூட்டு மாற்று ஆபரேஷன் செய்த முழங்கால், போன வாரம் ஊசி போட்ட மூட்டு இவற்றை எப்படி எடுப்பது என்று ஒவ்வொரு ஆய்வின் புரோட்டோகாலிலும் (ஆய்வை நடத்தும் விதிமுறை ஏடு) எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் அறைக்குள் போக வேண்டாம்.

இனி நோயாளியின் வாய். "வலிக்குதா?" என்று கேட்டால் நம் ஊர் அம்மாக்களில் பாதிப் பேர் "பரவால்லம்மா" என்பார்கள். பூக்கட்டுகிற ஒரு அக்காவைப் பார்த்தேன். ஒவ்வொரு விரலுக்கும் சிரித்துக்கொண்டே "ஒண்ணுமில்ல" என்றார். நடுவிரல் கணுவில் என் விரல் பட்டபோது மட்டும் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். அதை வலி என்றுதான் எழுத வேண்டும். முகத்தையும் உடம்பையும் பார்த்துக்கொண்டே அழுத்துங்கள். ஆரம்பத்திலேயே, "நான் அழுத்துறப்ப வலிச்சா ஆமான்னு மட்டும் சொல்லுங்கம்மா, எனக்காகப் பொறுத்துக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். நேர்மாறாக, தொட்ட இடமெல்லாம் வலிக்கிறது என்பவர்களும் வருவார்கள். அவர்கள் சொல்வதை எண்ணிக்கையில் குறைக்காதீர்கள். டாக்டருக்குத் தனியாகக் குறிப்பு எழுதுங்கள்.

எண்ணுகிறவருக்கு மருந்தைப் பற்றி எதுவும் தெரியக் கூடாது. இதை நான் மிகவும் கண்டிப்பாகச் சொல்வேன். மருந்து பற்றி, ஊசி போட்ட இடம் சிவந்தது பற்றி, தலைமுடி கொட்டுவது பற்றி என்னிடம் பேச வேண்டாம், பக்கத்து அறையில் டாக்டரிடம் சொல்லுங்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளுங்கள். ரத்த ரிப்போர்ட்டையும் பார்க்காதீர்கள். டோசிலிசுமாப் போன்ற மருந்துகள் அழற்சியைக் காட்டும் இன்னொரு ரத்த அளவான சி.ஆர்.பி.யைத் தரைமட்டமாக்கிவிடும், அந்த எண்ணைப் பார்த்தால் யாருக்கு எந்த மருந்து என்று ஊகித்துவிடலாம், ஊகித்த கை நேர்மையாக அழுத்தாது. கோயம்புத்தூரில் ஆயுர்வேத சிகிச்சையையும் முடக்குவாதத்துக்கு வழக்கமாகக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தையும் ஒப்பிட்டு 43 முடக்குவாத நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2011-ல் வெளியானது. ஆயுர்வேதம் உண்மையானதாக இருந்தவர்களுக்குப் போலி மெத்தோட்ரெக்ஸேட், அதற்கு மறுதலையாக மற்றவர்களுக்குப் போலி ஆயுர்வேத மருந்து என்று இரண்டையும் சேர்த்தே கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு இரண்டுமே உண்மை. நோயாளிக்கும் டாக்டருக்கும் எது எது என்று தெரியாது. சிறிய ஆய்வுதான், அதை வைத்துப் பெரிய முடிவு எதுவும் சொல்ல முடியாது. ஆனால் கண்ணை மறைத்து வேலை செய்ய எவ்வளவு சிரமப்பட வேண்டும் என்பதற்கு நம் பக்கத்திலேயே நடந்த உதாரணம்.

100 மி.மீ. கோட்டைப் பற்றி ஒன்று. அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்து, அதை மறுபடி ஜெராக்ஸ் எடுத்தால் கோடு சுருங்கும் அல்லது நீளும். கொடுப்பதற்கு முன் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். கோட்டில் குறி போடத் தெரியாதவர்களுக்கு இடது முனை என்ன, வலது முனை என்ன என்று தாளில் எழுதியிருப்பதை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். "போன தடவையை விடக் குறைஞ்சிருக்கா?" என்று கேட்காதீர்கள். கூட வந்த மகன் அம்மாவுக்குப் பதில் குறி போடப் பார்ப்பான். அவனை வெளியே டீ குடிக்க அனுப்புங்கள். அன்றாட வேலைகளைக் கேட்கும் ஹெச்.ஏ.க்யூ. படிவமும் அப்படித்தான். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் 1980-ல் உருவானது. பால் கார்ட்டனைத் திறக்க முடிகிறதா, தொட்டியில் குளிக்க முடிகிறதா என்றெல்லாம் கேட்கும். நம் ஊருக்கு அது ஒட்டாது என்பதால் சம்மணமிட்டு உட்காருவது, குந்தி உட்காருவது போன்றவற்றைச் சேர்த்து இந்தியாவுக்கென்று மாற்றிய வடிவம் இருக்கிறது. உங்கள் ஆய்வு எந்த வடிவத்தை ஏற்றிருக்கிறதோ அதை அச்சில் இருப்பதுபோலவே வாசியுங்கள். நீங்களாக விளக்கிச் சொன்னால் ஆளுக்கு ஆள் கேள்வியே மாறிவிடும்.

எண்ணும்போதே எழுத வேண்டும். 28-ஐயும் பார்த்து முடித்து, ஞாபகத்தில் இருந்து எழுதுகிறவர்களை நான் நம்ப மாட்டேன். ஒவ்வொரு மூட்டையும் சத்தமாகச் சொல்ல, பக்கத்தில் ஒருவர் எழுதுவது நல்ல முறை. எப்போதும் ஒரே வரிசையில் போங்கள். நான் வலது தோள்பட்டையில் ஆரம்பித்து இடது முழங்காலில் முடிப்பேன். தப்பாக எழுதினால் ஒற்றைக் கோடு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போடுங்கள். ஒயிட்னர் அந்த மேசையிலேயே இருக்கக் கூடாது. போன முறை எழுதிய தாளையும் பார்க்க வேண்டாம். பார்த்தால் கை அதற்கு ஒத்துப்போகத்தான் நினைக்கும்.

பாதம் 28-ல் இல்லை என்றேன். ஆனால் நம் மக்கள் வீட்டுக்குள் செருப்புப் போடுவதில்லை. காலையில் கட்டிலில் இருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது பாதத்தின் முன்பக்கம் குத்துகிறது என்று சொல்லாத முடக்குவாத நோயாளி குறைவு. ஆய்வுத் தாளில் இடம் இல்லை என்பதற்காக அதை விட்டுவிடாதீர்கள். பாதத்தின் முன்பகுதியை இரு பக்கமும் பிடித்து மெதுவாக நெருக்கிப் பாருங்கள், வலித்தால் நோயாளியின் கேஸ் ஷீட்டில் எழுதி டாக்டருக்குத் தெரியப்படுத்துங்கள். 28 கணக்கில் நோய் அடங்கிவிட்டதாக வரும் சிலருக்குப் பாதத்தில் மட்டும் நோய் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த வேலை ஒரு நாள் பயிற்சி வகுப்பில் வராது. அனுபவமுள்ள ஒருவரும் நீங்களும் ஒரே நோயாளியைத் தனித்தனியாகப் பார்த்து எண்ணுங்கள், அப்புறம் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முழங்காலில் ஒத்துப்போவீர்கள்; மணிக்கட்டிலும் தோள்பட்டையிலும் சண்டை வரும். சண்டை வந்த மூட்டை இருவரும் சேர்ந்து மறுபடி தொட்டுப் பாருங்கள், நோயாளி சம்மதித்தால். வலிக்கிற இடத்தை இரண்டு பேர் மாறி மாறி அழுத்துவது எளிதான விஷயமில்லை. அதற்கு முன் அவரிடம் காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள், வேண்டாம் என்றால் அத்தோடு விடுங்கள்.