கலோரிக் கணக்கில் பலரும் செய்யும் தவறுகள்

எடை குறைக்க நினைப்பவர்கள் முதலில் ஒரு நாளைக்கு இத்தனை கலோரி என்று எல்லை வைத்துக்கொள்வார்கள். அது நல்லதுதான். அந்த எல்லைக்குள் எதைச் சாப்பிட்டாலும் ஒன்றுதான் என்று நம்பும்போதுதான் சிக்கல்.

புரதம், மாவுச்சத்து இரண்டிலும் ஒரு கிராமுக்கு 4 கலோரி. ஆனால் புரதம் தரும் ஆற்றலில் 20 முதல் 30 சதவீதம், அதைச் செரித்துப் பயன்படுத்தும் வேலைக்கே செலவாகிவிடுகிறது. மாவுச்சத்தில் இது 5 முதல் 10 சதவீதம், கொழுப்பில் அதிகம் போனால் 3. அதைவிட முக்கியம், புரதம் பசியை நெடுநேரம் அடக்கி வைக்கும். சாப்பாட்டைக் குறைக்கிறேன் என்று முட்டை, பருப்பு, மீனையும் சேர்த்துக் குறைத்தால் பசி வாட்டும், தசையும் கரையும். (சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.)

அடுத்தது பானங்கள். குடிக்கிற கலோரிக்கு வயிறு சரியாகக் கணக்கு வைப்பதில்லை. இனிப்புக் குளிர்பானம் குடித்ததற்காக அடுத்த வேளையில் யாரும் அந்த அளவுக்குக் குறைத்துச் சாப்பிடுவதில்லை. பழச்சாறும் இதில் சேர்த்திதான். பழத்தை மென்று தின்ன நேரமாகும், நார்ச்சத்தும் உள்ளே போகும். சாறாக்கினால் இரண்டும் போய்விடும்.

பாக்கெட் உணவை நம்பும் தவறைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. 20 பேருக்கு இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவும் (ஆலையில் தயாராகிப் பாக்கெட்டில் வருவது போன்றவை), இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் ஏறத்தாழ சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். எடை ஏறத்தாழ 0.9 கிலோ ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியது. இதை மன உறுதியின் குறை என்று சொல்லி யாரையும் நோகடிப்பது நியாயமே இல்லை.

சரி, நல்ல உணவென்றால் அளவே வேண்டாமா? வேண்டும். எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரிதான், ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 120 வந்துவிடும். ஆனால் இதயத்துக்கு எல்லாக் கொழுப்பும் ஒன்றல்ல. டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி நல்லதைக் குறைக்கும். கலோரி எண்ணோடு நிறுத்தாமல், பாக்கெட்டின் பொருட்பட்டியலில், டிரான்ஸ் கொழுப்பு உள்ள 'பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்யப்பட்ட எண்ணெய்' இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் வாங்காதீர்கள்.