நத்தைக்கு மருந்து வேண்டாம், வாத்து போதும்

கீரைப் பாத்திகளில் நத்தைத் தொல்லை மிகுந்தால், வாத்துகளுக்கு மாலைத் தீனியை வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம், பசியோடு அவற்றைப் பாத்திகளுக்கிடையே மேயவிட்டு, தீனியைக் கூண்டுக்குள் மட்டும் வையுங்கள். துரத்தாமலேயே தாமாக அடைந்துவிடும்.

வெயில் தாழ்ந்து மண் ஈரமாகும் நேரத்தில்தான் நத்தைகள் வெளியே வருகின்றன. பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான மழை மாதங்களில் சொல்லவே வேண்டாம். கோழியைப் போல் மண்ணைக் கிளறி வேரை வெளிக்காட்டாமல், வாத்து தன் தட்டையான அலகைத் தண்டின் அடியில் நுழைத்து, சிறு நத்தைகளையும் ஓடில்லாத இலையட்டைகளையும் துழாவி எடுத்துவிடும், எச்சமும் உரமாகும்.

நாற்றுகள் இளசாக இருந்தால் இம்முறை உதவாது, ஏனெனில் வாத்து அவற்றை மிதித்துவிடும். சாலட் கீரையாக இருந்தால் தின்றே தீர்த்துவிடும். பச்சையாக உண்ணும் கீரையை அறுக்கும் காலத்திலும், நத்தை மருந்து தூவிய நிலத்திலும் வாத்தை விடவே கூடாது. முழு வளர்ச்சியடைந்த ஆப்பிரிக்க நத்தையை வாத்தால் விழுங்க முடியாது. அதைக் கையுறை அணிந்து நாம்தான் பொறுக்க வேண்டும்.