வகுப்பில் யார் யாரிடம் சந்தேகம் கேட்கிறார்கள்? கெஃபியில் வரைந்து பார்க்கும் முறை

தருமபுரியில் 40 பேர் படிக்கும் ஒரு முதுகலை வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். பென்னாகரம், அரூர், பாலக்கோடு என ஆளுக்கொரு பஸ்ஸில் வந்து போகிறார்கள். இவர்களில் யார் யாரைக் கேட்டுப் படிக்கிறார்கள் என்பது இன்டர்னல் மார்க்கில் தெரியாது. சமூக வலையமைப்புப் பகுப்பாய்வில் தெரியும்: ஒவ்வொரு மாணவரும் ஒரு புள்ளி, ஒருவர் இன்னொருவரிடம் கேட்டால் இருவருக்கும் இடையே ஒரு கோடு. கெஃபி என்ற இலவச மென்பொருள் போதும்.

1. கேள்வி. பாதி வேலை இதில்தான். "உங்கள் நண்பர்கள் யார்?" என்றால் டீக்கடைக் கூட்டாளிகள்தான் வருவார்கள். "கடந்த 2 வாரத்தில் பாடச் சந்தேகத்தை யார் யாரிடம் கேட்டீர்கள்?" என்று கேளுங்கள். வகுப்புப் பட்டியலைக் கொடுத்து டிக் அடிக்கச் சொல்லுங்கள்; நினைவிலிருந்து எழுதினால் நெருக்கமானவர்கள் மட்டுமே வருவார்கள். அன்று வராதவரிடம் மறுநாள் வாங்குங்கள். ஒரு தாள் விட்டுப்போனால் அவர் கேட்ட அத்தனை கோடுகளும் போய்விடும்.

2. இரண்டு சிஎஸ்வி கோப்புகள் (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணை; எக்செல்லிலேயே சேமிக்கலாம்). முதலாவதில் ஐடி, லேபிள், ஊர். ஐடிக்கு ரோல் நம்பர் போடுங்கள். இனிஷியல் முன்னும் பின்னும் மாறினால் ஒரே ஆள் இரண்டு பேராகிவிடுவார். இரண்டாவதில் சோர்ஸ், டார்கெட், கேட்டவர் முதலில். 7ஆம் எண் மாணவி 23ஆம் எண்ணிடம் கேட்டிருந்தால் வரிசை 7, 23. பத்தித் தலைப்புகளை ஆங்கில எழுத்தில் (Id, Label, Source, Target) அடியுங்கள்.

பலர் இரண்டாவது கோப்பை மட்டும் ஏற்றிவிடுகிறார்கள். யாரிடமும் கேட்காத, யாராலும் கேட்கப்படாத மாணவர் அதில் இருக்கவே மாட்டார். அப்படி 3 பேர் இருந்தால், 40 பேர் சத்தமில்லாமல் 37 ஆகிவிடுவார்கள். நாம் தேடிப் போக வேண்டியதே அந்த 3 பேரைத்தான்.

3. ஏற்றுதல். டேட்டா லேபரேட்டரியில் இம்போர்ட் ஸ்ப்ரெட்ஷீட். கிராஃப் வகை டைரக்டட், அதாவது கேட்டவரிடமிருந்து கேட்கப்பட்டவரை நோக்கிப் போகும் திசையுள்ள கோடு. இரண்டாவது கோப்புக்கு 'அப்பெண்ட் டு எக்ஸிஸ்டிங் ஒர்க்ஸ்பேஸ்' கொடுக்காவிட்டால் அது தனிப் படமாகத் திறக்கும். பிறகு லேஅவுட்டில் ஃபோர்ஸ்அட்லஸ் 2; கோடுள்ள புள்ளிகளை அருகே இழுத்து, மற்றவற்றைத் தள்ளி அடுக்கும் முறை இது. படத்தில் மேலே இருப்பவர், கீழே இருப்பவர் என்பதற்குப் பொருளில்லை. யார் யாரோடு ஒட்டி நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

4. எண்கள். இன்-டிகிரி: எத்தனை பேர் இவரைத் தேடி வந்தார்கள். பிட்வீன்னெஸ்: இரு கூட்டங்களுக்கு நடுவே பாலமாக இருப்பவர் யார், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பகுதியில் நெட்வொர்க் டயாமீட்டரை ஓட்டினால் இதுவும் வரும். அடர்த்தி: சாத்தியமான கோடுகளில் எத்தனை பங்கு உண்மையில் இருக்கிறது. 40 × 39 = 1560 கோடுகள் சாத்தியம்; 156 இருந்தால் 0.1. மாடுலாரிட்டி குழுக்களைப் பிரிக்கும். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் குழுக்கள் சற்று மாறலாம், நாலைந்து முறை ஓட்டுங்கள். குழுக்களை ஊர் பத்தியோடு ஒப்பிட்டால் பாலக்கோடு பஸ்காரர்கள் தனிக் குழுவா என்று தெரிந்துவிடும்.

கோடே இல்லாதவரை மக்கு என்று எழுதிவிடாதீர்கள். வீட்டில் அக்காவிடம் கேட்டுப் படிப்பவராக இருக்கலாம். தனியாக அழைத்துப் பேசுங்கள். படத்தை வகுப்பில் காட்டாதீர்கள். லேபிளை எடுத்துவிட்டாலும், ஓரத்தில் தனியாக நிற்கும் புள்ளி யாரென்று அவர்களுக்குத் தெரியும்.