கிருஷ்ணகிரியிலிருந்து லண்டன்: பயண நேரத்தை நாமே கணக்குப் போடலாம்

கிருஷ்ணகிரியில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். சவாரியில் முக்கால்வாசி பெங்களூரின் தேவனஹள்ளி ஏர்போர்ட்தான். பிள்ளையை ஏற்றிவிட்டுத் திரும்பும் அம்மாக்கள் அத்திப்பள்ளி வருவதற்குள் கேட்டுவிடுவார்கள்: "ஏம்பா, எத்தனை மணிக்குப் போய் இறங்குவான்?"

டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரங்களை அப்படியே கழித்தால் விடை கிடைக்காது. இரண்டும் அந்தந்த ஊர்க் கடிகாரம். பெங்களூரில் பகல் 1 மணி, லண்டனில் மாலை 6.30 என்று இருந்தால் கழித்து வருவது ஐந்தரை. குளிர்காலத்தில் லண்டன் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும், அதையும் கூட்டுங்கள்: 11 மணி நேரம். பையன் இறங்கும்போது நம் வீட்டில் நள்ளிரவு 12. மார்ச் கடைசி முதல் அக்டோபர் கடைசி வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைப்பார்கள், அப்போது நாலரை கூட்டினால் போதும். துபாய்க்கு ஒன்றரை கூட்ட வேண்டும். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி முன்னால், அதனால் அதைக் கழிக்க வேண்டும்.

டிக்கெட் கையில் இல்லையா? விமானம் மணிக்குச் சுமார் 850 கிலோமீட்டர் போகும் என்று வைத்து, தூரத்தை 850-ஆல் வகுத்து, ஏற இறங்க அரை மணி சேருங்கள். லண்டன் சுமார் 8,000 கிலோமீட்டர். பத்து மணி நேரம் வரும். மேற்கே போகும்போது எதிர்காற்று, கொஞ்சம் கூடும். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும்.

தூரத்தைச் சுவர் மேப்பில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். பிள்ளைகளின் உலக உருண்டையில் நூலை இழுத்துப் பிடியுங்கள். பெங்களூரு - சான் பிரான்சிஸ்கோ நூல் வட துருவத்தை ஒட்டிப் போகும், கிட்டத்தட்ட 14,000 கிலோமீட்டர். 2021 ஜனவரியில் நான்கு பெண் விமானிகள் அங்கிருந்து துருவம் வழியாகத்தான் ஏர் இந்தியா விமானத்தைப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார்கள். ஏறத்தாழ 17 மணி நேரம், நடுவில் எங்கும் இறங்காமல்!

விமானத்தைக் கூடக் கணக்குப் போட்டுவிடலாம், ரோடுதான் பிடி கொடுக்காது. இங்கிருந்து ஏர்போர்ட் சுமார் 130 கிலோமீட்டர். விடிகாலையில் இரண்டரை மணி நேரம், மாலையில் நாலு ஆனாலும் ஆச்சரியமில்லை. பகல் 1 மணி விமானத்துக்கு 10 மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். "ஏழு மணிக்குக் கிளம்பலாமே" என்பார்கள். கிளம்பினால் எலக்ட்ரானிக் சிட்டியில் ஆபீஸ் கூட்டத்தில் சிக்கி, சில்க் போர்டில் நின்று, ஹெப்பாளில் மறுபடி நிற்க வேண்டியதுதான். நான் ஐந்தரைக்கே வண்டியை வாசலில் நிறுத்திவிடுவேன். நேரமாகிவிட்டால் ஓசூரில் திரும்பி பாகலூர், மாலூர், ஹொஸ்கோட்டே வழியாகப் போவேன். ஊருக்குள் நுழையவே வேண்டாம்.

அப்புறம், வெளிநாட்டு விமானம் என்றால் இரண்டாவது டெர்மினல். ஏறும்போதே டிரைவரிடம் சொல்லிவிடுங்கள்.