ஊழல் வழக்கு ஓசையின்றி மடிந்துவிடாமல் பின்தொடர்வது எப்படி

அமைச்சர் ஒருவர் வீட்டில் சோதனை நடக்கும் நாளில் வாசல் முழுவதும் தொலைக்காட்சிக் கேமராக்கள் நிற்கும். மறுநாள் நாளிதழ்களில் அதுவே தலைப்புச் செய்தியாக இருக்கும். ஆனால் ஊழல் வழக்குகள் பெரும்பாலும் அந்தப் பரபரப்பின் நடுவே மடிவதில்லை. சில ஆண்டுகள் கழித்து, வழக்கு தொடர அனுமதி கேட்டுச் சென்ற கோப்பு தலைமைச் செயலகத்தில் கையொப்பமின்றிக் கிடக்கும்போதும், அரசு வழக்கறிஞர் வழக்கைத் திரும்பப் பெற மனு கொடுக்கும்போதும், தண்டனை பெற்றவருக்குச் சலுகை அளித்து அரசாணை வெளியாகும்போதும்தான் மடிகின்றன. அந்த நாட்களில் நீதிமன்றத்தில் செய்தியாளர் யாரும் இருப்பதில்லை. ஆகவே பொறுப்புக்கூறலில் அக்கறை உள்ள குடிமக்கள் எங்கே, எப்போது, எதைக் கேட்க வேண்டும் என்பதை, இந்தியச் சட்டத்தின் வரம்புக்குள் நின்று இங்கே விளக்குகிறேன்.

முதலில் வழக்கின் அடையாளத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் தகவல் அறிக்கையின் எண்ணும் ஆண்டும், பதிவு செய்த பிரிவு, சேர்க்கப்பட்ட சட்டப்பிரிவுகள், விசாரிக்கும் நீதிமன்றம், வழக்கு எண் ஆகியவை இல்லாமல் எந்த அலுவலகத்திலும் உங்களுக்குப் பதில் கிடைக்காது. நீதிமன்றத்துக்குப் போன ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் எண்ணும் கொண்ட சி.என்.ஆர். எண் ஒன்று உண்டு. அதை நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் ஈ-கோர்ட்ஸ் இணையதளத்திலோ செயலியிலோ இட்டால், அடுத்த வாய்தா எப்போது, கடந்த வாய்தாவில் என்ன நடந்தது என்பவை கட்டணமின்றித் தெரியும். ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் தேதி, தள்ளிவைக்கக் கேட்டவர் யார், சொன்ன காரணம் என்ன என்ற மூன்றையும் எழுதி வாருங்கள். ஓராண்டு எழுதினாலே, வழக்கை இழுத்தடிப்பது எதிர்த்தரப்பா அரசுத் தரப்பா என்பது தெளிவாகிவிடும். பின்னாளில் உயர் நீதிமன்றத்தில் விசாரணையை விரைவுபடுத்தக் கோரும் மனு போட நேர்ந்தால் இந்தக் குறிப்பேடே அதற்கு அடித்தளம்.

“சம்பந்தமில்லாத நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்?” என்ற கேள்வி எல்லா இடத்திலும் வரும். மகாராஷ்டிர முதல்வராக இருந்த அந்துலே மீதான வழக்கில், குற்றவியல் சட்டத்தை எந்தக் குடிமகனும் இயக்க முடியும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 1984-லேயே தீர்த்துச் சொல்லிவிட்டது. ஜெயலலிதா மீதான சொத்துக்குவிப்பு வழக்குக்கும் சுப்பிரமணியன் சுவாமி என்ற தனிமனிதர் 1996-ல் நீதிமன்றத்தில் கொடுத்த புகார்தான் தொடக்கம். புகாரைத் தமிழ்நாட்டில் லஞ்ச ஒழிப்புத் துறைக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியை வாங்கிக்கொள்ளுங்கள். லஞ்சம் கொடுக்கும்படி உங்களையே கட்டாயப்படுத்தியிருந்தால், கொடுத்த 7 நாட்களுக்குள் புகார் செய்துவிடுங்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம், அந்த 7 நாள் விதிவிலக்குதான் உங்களைக் காப்பாற்றும்.

அடுத்து வருவது வழக்கு தொடர அனுமதி. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, பொது ஊழியரைப் பதவியிலிருந்து நீக்கும் அதிகாரம் படைத்தவர் அனுமதி தராமல் நீதிமன்றம் வழக்கை ஏற்க முடியாது. மாநில அமைச்சர் என்றால் ஆளுநர், ஐ.ஏ.எஸ். அதிகாரி என்றால் மத்திய அரசு என்று இது மாறும். இதற்கு முந்தைய நிலையிலும் ஒரு தடை உண்டு: அலுவல் முடிவு அல்லது பரிந்துரை தொடர்பான புகாரானால், விசாரணையைத் தொடங்கவே 17ஏ பிரிவின்படி முன்னொப்புதல் வேண்டும், கையும் களவுமாகப் பிடிபடும் நேர்வுகளுக்கு மட்டும் இது தேவையில்லை.

19-ஆம் பிரிவின் கீழ் மூன்று மாதத்திலும், சட்ட ஆலோசனை தேவைப்பட்டால் கூடுதலாக ஒரு மாதத்திலும் முடிவெடுக்க வேண்டும். இந்தக் காலக்கெடு கட்டாயமானது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் கெடு கடந்ததாலேயே வழக்கு ரத்தாகிவிடாது, தாமதித்த அதிகாரியே பதில் சொல்ல வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. இதை நீங்கள் நன்கு பயன்படுத்தலாம். 2ஜி அலைக்கற்றை விவகாரத்தில் அப்போதைய மத்திய அமைச்சர் ஆ.ராசா மீது வழக்கு தொடர அனுமதி கேட்டு சுவாமி எழுதிய கடிதத்துக்குப் பிரதமர் அலுவலகத்திலிருந்து ஓராண்டுக்கும் மேல் பதில் வராததை உச்ச நீதிமன்றம் 2012-ல் கண்டித்தது. அந்த வழக்கில் ஆ.ராசா உள்ளிட்டோர் 2017-ல் விடுதலையானார்கள். அனுமதி கோருவது ஒருவரைக் குற்றவாளி என்று முத்திரை குத்துவது ஆகாது, நீதிமன்றம் விசாரிக்கட்டும் என்பது மட்டுமே. கோரிக்கையை எழுதும்போது இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் உங்கள் மொழியும் நிதானமாக இருக்கும்.

கோப்பு எங்கே நிற்கிறது என்று அறியத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் போதும். ஆனால் “ஏன் அனுமதி தரவில்லை?” என்று கேட்காதீர்கள், காரணம் சொல்லும் கடமை பொதுத் தகவல் அலுவலருக்கு இல்லை, இருக்கும் ஆவணத்தைத் தரும் கடமைதான் உண்டு. இப்படிக் கேளுங்கள்: “இன்ன எண்ணுள்ள முதல் தகவல் அறிக்கை தொடர்பாக வழக்கு தொடர அனுமதி கோரும் கடிதம் தங்கள் துறைக்கு வந்த நாள், அந்தக் கோப்பு எந்தெந்த அலுவலரிடம் எந்த நாளில் சென்றது, எந்த நாளில் திரும்பியது என்ற விவரம், கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல்.” 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். விசாரணை நிலுவையில் இருக்கிறது என்று மறுத்தால், சட்டம் விலக்குவது விசாரணைக்குத் தடையாக அமையும் தகவலை மட்டுமே, தேதிகள் எவ்வாறு தடையாகும் என்று முதல் மேல்முறையீட்டில் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள், முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், தகவல் ஆணையத்திடம் இரண்டாம் மேல்முறையீட்டுக்கு 90 நாள் என்ற கெடுக்களைத் தவறவிடாதீர்கள். என் கருத்தில், விசாரணை அமைப்பிடம் கேட்பதைவிட அனுமதி தர வேண்டிய துறையிடம் கேட்பதே பலன் தரும். தமிழ்நாட்டில் லஞ்ச ஒழிப்புத் துறைக்கு இச்சட்டத்திலிருந்து விலக்கு அளித்து 2008-லேயே அரசாணை உள்ளது.

விசாரணை தொடங்கியபின் கவனிக்க வேண்டியவர் அரசு வழக்கறிஞர். ஜெயலலிதா மீதான சொத்துக்குவிப்பு வழக்கில் ஆட்சி மாறிய பிறகு 76 அரசுத் தரப்புச் சாட்சிகள் மறுபடி அழைக்கப்பட்டார்கள்; அவர்களில் 64 பேர் முன்பு சொன்னதிலிருந்து பிறழ்ந்தார்கள்; அவர்களைப் பிறழ்சாட்சிகளாக அறிவிக்க அரசுத் தரப்பு முயலவே இல்லை. இந்த விவரங்களைத் திரட்டி, தி.மு.க. பொதுச்செயலாளராக இருந்த க. அன்பழகன் உச்ச நீதிமன்றம் சென்றதால்தான் 2003 நவம்பரில் வழக்கு கர்நாடகத்துக்கு மாற்றப்பட்டது. 2014-ல் தண்டனை, 2015-ல் உயர் நீதிமன்றத்தில் விடுதலை, 2017 பிப்ரவரியில் தண்டனையை மீட்டளித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று 21 ஆண்டுகள் ஓடிய அந்த வழக்கு, பொறுமையாகக் கணக்கு வைத்தவர்களால்தான் முடிவு வரை வந்தது. முதன்மையாகக் குற்றம் சாட்டப்பட்ட ஜெயலலிதா அதற்குள் காலமாகிவிட்டதால் அவர் மீதான மேல்முறையீடு அற்றுப்போனது என்பதையும் மறக்கக் கூடாது. தாமதம் தரும் பயன் யாருக்குப் போகிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

வழக்கைத் திரும்பப் பெறுதல் இதைவிட ஓசையற்றது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 321-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நாளில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 360-ஆம் பிரிவாக உள்ளது. நீதிமன்றத்தின் இசைவோடு அரசு வழக்கறிஞர் வழக்கைக் கைவிடலாம். ஆனால் பாதிக்கப்பட்டவரைக் கேளாமல் நீதிமன்றம் இசைவு தரக் கூடாது என்று புதிய பிரிவு சொல்கிறது. நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் மீதான வழக்கு என்றால், உயர் நீதிமன்றத்தின் அனுமதியின்றித் திரும்பப் பெறவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் ஆணையிட்டது. ஓ. பன்னீர்செல்வம் மீதான சொத்துக்குவிப்பு வழக்கைத் திரும்பப் பெற சிவகங்கை நீதிமன்றம் 2012 டிசம்பரில் அனுமதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை மறு ஆய்வு செய்து, 2024 அக்டோபரில் அந்த ஆணையை நீக்கியது. அதை உச்ச நீதிமன்றம் பின்னர் நிறுத்திவைத்தது. யார் பக்கம் நியாயம் என்று நான் இங்கே முடிவு கூறவில்லை. ஒரு கீழமை நீதிமன்ற ஆணை பத்து ஆண்டுகளுக்கும் மேலாக யாராலும் கேள்வி கேட்கப்படாமல் கிடந்தது என்பதே என் கவலை. ஈ-கோர்ட்ஸில் வழக்கு முடிக்கப்பட்டதாகக் காட்டினால், அன்றே நகல் மனு போட்டு ஆணையை வாங்கிப் படியுங்கள்.

இனி மன்னிப்பு. ஒரே பெயரில் வெவ்வேறு விஷயங்கள் பேசப்படுவதால் பிரித்துப் பார்க்க வேண்டும். குற்றத்தில் பங்கிருந்தும் அரசுத் தரப்புச் சாட்சியாக, அதாவது அப்ரூவராக, மாறுபவருக்கு நீதிமன்றம் அளிக்கும் மன்னிப்பு, உண்மை முழுவதையும் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டது. மேலிடத்தை நோக்கி வழக்கு நகர அது பலமுறை உதவுகிறது, அதை எதிர்க்க அவசரப்படாதீர்கள். கவலைக்குரியது, தண்டனைக்குப் பின் குடியரசுத் தலைவர் 72-ஆம் கூறின் கீழும் ஆளுநர் 161-ஆம் கூறின் கீழும் அளிக்கும் மன்னிப்பும் தண்டனைக் குறைப்பும். மன்னிப்பில் ஆளுநர் அமைச்சரவையின் அறிவுரைக்குக் கட்டுப்பட்டவர் என்பது பேரறிவாளன் வழக்கில் 2022-ல் மீண்டும் உறுதியானது. மாறாக, அமைச்சர் மீது வழக்கு தொடர அனுமதி தருவதில், அமைச்சரவை மறுத்தாலும் ஆளுநர் தாமே முடிவெடுக்கலாம் என்று மத்தியப் பிரதேச வழக்கொன்றில் 2004-ல் அரசியல் சாசன அமர்வு கூறியது. ஆகவே அனுமதிக்கான மனுவை ஆளுநருக்கே அனுப்புங்கள்; ஆனால் 2018 திருத்தத்துக்குப் பிறகு தனிமனிதர் முதலில் உரிய நீதிமன்றத்தில் புகார் கொடுத்து, அனுமதி பெறும்படி அது சொன்ன பிறகே இப்படிக் கோர முடியும். மன்னிப்பைப் பற்றிய கேள்வியை அமைச்சரவைக்குக் குறிப்பெழுதிய துறையிடம் கேளுங்கள்.

மன்னிப்பை நீதிமன்றத்தில் எதிர்க்க முடியுமா என்றால், ஆந்திரத்தின் எபூரு சுதாகர் வழக்கு முடியும் என்கிறது. கொலை தொடர்பான வழக்கில் தண்டனை பெற்ற காங்கிரஸ் பிரமுகர் ஒருவரின் எஞ்சிய சுமார் ஏழு ஆண்டுச் சிறைவாசத்தை ஆளுநர் 2005 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தார். அந்தப் பிரமுகரின் மனைவி அப்போது ஆளுங்கட்சிச் சட்டமன்ற உறுப்பினர். கொல்லப்பட்டவரின் மகன் உச்ச நீதிமன்றம் சென்றார். கோப்பைத் திறந்து பார்த்தபோது, அதிகாரிகளின் அறிக்கையில் தண்டனை பெற்றவர் நல்ல காங்கிரஸ் தொண்டர் என்பதும் ஒரு தகுதியாக எழுதப்பட்டிருந்தது. 2006 அக்டோபரில் அந்தத் தள்ளுபடி ரத்தானது. மனத்தைச் செலுத்தாமல் எடுத்த முடிவு, தீய நோக்கம், தொடர்பற்ற காரணங்கள், கருத வேண்டியவற்றை விட்டுவிடுதல், தன்னிச்சை ஆகியவை இருந்தால் மன்னிப்பும் நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டதே என்று அத்தீர்ப்பு வகுத்தது. கோப்பு கிடைத்தால்தான் இவற்றில் எதையும் காட்ட முடியும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அமைச்சரவைத் தாள்களைத் தர மறுக்கும் அதே பிரிவு, முடிவெடுத்து விஷயம் நிறைவுற்றபின் காரணங்களும் அடிப்படை ஆவணங்களும் வெளியிடப்பட வேண்டும் என்கிறது. விண்ணப்பத்தில் அதைச் சுட்டிக்காட்டுங்கள். ரிட் மனுவைப் பாதிக்கப்பட்டவர் பெயரிலேயே போடுவது நல்லது. 2002 குஜராத் கலவரத்தில் பாதிக்கப்பட்ட பில்கிஸ் பானுவின் வழக்கில் தண்டனை பெற்ற 11 பேரின் முன்விடுதலையை உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் ரத்து செய்தபோது, அவர் மனுவை ஏற்றுக்கொண்டு, பொதுநல மனுக்கள் செல்லுமா என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் விட்டது.

மன்னிப்பு என்ற பெயரே இல்லாத ஒரு மன்னிப்பும் உண்டு. அதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. ஊழல் வழக்கில் சிறைத்தண்டனை பெற்றவர் விடுதலைக்குப் பின் ஆறு ஆண்டுகள் தேர்தலில் நிற்க முடியாது. ஆனால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, காரணங்களைப் பதிவு செய்து இந்தத் தகுதியிழப்பை நீக்கவோ குறைக்கவோ தேர்தல் ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. சிக்கிமில் பசுக்கள் வழங்கும் திட்டத்தில் முறைகேடு செய்ததாக 2016-ல் தண்டனை பெற்ற பிரேம் சிங் தமாங், ஓராண்டுச் சிறைவாசம் முடிந்து 2018 ஆகஸ்டில் வெளியே வந்தார். 2019 மே மாதம் முதலமைச்சரானார். ஆறு மாதத்துக்குள் சட்டமன்றத்துக்குத் தேர்வாக வேண்டிய நிலையில், அவருடைய ஆறு ஆண்டுத் தகுதியிழப்பை ஆணையம் அந்தச் செப்டம்பரில் ஓராண்டு ஒரு மாதமாகக் குறைத்தது. உங்கள் தொகுதியில் தண்டனை பெற்ற ஒருவர் எதிர்பாராமல் வேட்பாளராக வந்தால், அவருடைய படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் தண்டனை விவரத்தைப் பாருங்கள். ஆறு ஆண்டு முடியவில்லை என்றால், 11-ஆம் பிரிவின் கீழ் ஆணை ஏதும் உண்டா என்று ஆணையத்திடம் உடனே நகல் கேளுங்கள். அத்தகைய ஆணை இல்லையென்றால், வேட்புமனு பரிசீலனை நாளில் உங்கள் ஆட்சேபத்தை வேட்பாளர் ஒருவர் மூலமோ அவருடைய முகவர் மூலமோ தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எழுத்தில் கொடுக்கச் செய்யுங்கள். பரிசீலனை அறைக்குள் செல்லும் உரிமை வேட்பாளர், அவருடைய தேர்தல் முகவர், முன்மொழிபவர், வேட்பாளர் எழுத்தில் அதிகாரம் அளித்த இன்னொருவர் ஆகியோருக்குத்தான் உண்டு.