முதலில் நீங்கள் உட்காருங்கள்: மானாத் தீ அணைக்க ஆள் கூட்டிப்போகிறவருக்கு

ஆடி பிறந்தால் இலங்கையின் ஊவாப் பக்கம் காற்று காய்ந்துவிடும். தென்மேல் பருவக்காற்று மழையை நுவரெலியாப் பக்கமே கொட்டிவிட்டு, வெறுங்கையோடு மலையைத் தாண்டி எங்கள் அப்புத்தளை, பண்டாரவளைச் சரிவுகளில் இறங்கும். மானாப்புல் வைக்கோலாகிவிடும். அப்புறம் ஒரு பீடித் துண்டு போதும்.

தீயை எப்படி அடிப்பது என்று இங்கே எழுதப்போவதில்லை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைப்பது, வன இலாகா ஆட்கள் வந்தால் அவர்கள் சொல்படி நடப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். தோட்ட லயத்துப் பையன்கள் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மேலே போகிற அந்த ஒருவருக்குத்தான் இது. இரண்டு வருடத்துக்கு முன் அந்த ஒருவர் நான்.

படி 1: ஏறுவதற்கு முன் நான்கு கேள்வி

1990இல் அமெரிக்காவின் அரிசோனாவில் டூட் தீ ஆறு பேரைக் கொன்றது. அந்தத் தீயில் வேலை செய்த பால் கிளீசன் என்ற குழுத் தலைவர் 1991இல் நான்கே விஷயங்களை எழுதிவைத்தார். யார் காவல் பார்ப்பது, எப்படிச் செய்தி சொல்வது, எந்த வழியாகத் தப்புவது, எங்கே போய் ஒதுங்குவது. நான்குக்கும் பதில் இல்லாமல் ஆளை ஏற்றாதீர்கள்.

நம் ஊருக்கு இரண்டு திருத்தம். புல் எரிந்து முடிந்த கரித்தரை நல்ல ஒதுங்கிடம்; பைனஸ் காட்டில் அப்படி நம்ப முடியாது, சருகுக்கு அடியில் கங்கு கிடக்கும். இன்னொன்று, தீ மேடேறும்போதுதான் ஓடும். சரிவு 10 பாகை கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு. தீக்கு மேலே ஆளை நிறுத்தாதீர்கள். நான் நிறுத்தினேன், கீழே சொல்கிறேன்.

படி 2: சாமான்

வாட்ஸ்அப் குழுவை நம்பாதீர்கள், சரிவில் சிக்னல் கிடையாது. என் ஓட்டு விசிலுக்கு: ஒன்று ஊதினால் நிமிர்ந்து பார், இரண்டுக்குக் கூடு, மூன்றுக்கு எல்லாவற்றையும் போட்டுவிட்டு இறங்கு. ஜேர்சி வேண்டாம், நைலோன் உருகித் தோலில் ஒட்டும். பழைய பருத்திச் சட்டை, முழுக்கை. முதுகில் மாட்டும் 16 லீட்டர் டேங்க் நல்லதுதான், ஆனால் களைமருந்து அடித்த டேங்க் வேண்டவே வேண்டாம். நிரம்பினால் தண்ணீரே 16 கிலோ. அரை மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள்.

படி 3: நான் சறுக்கிய இடம்

அன்று காலை பத்து மணிக்கு ஏறினோம். ஒரு மணிக்கெல்லாம் மூன்று தடவை தண்ணீர்ப் பீலிக்கும் மேட்டுக்கும் ஓடியிருந்தேன். லீடர் உட்கார்ந்தால் பையன்கள் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை “எல்லாரும் ஓகேயா?” என்று கத்துவேன், “ஓகே அண்ணே!” என்று பதில் வரும். அதைத்தான் கவனிப்பு என்று நினைத்திருந்தேன்.

இரண்டு மணி வாக்கில் நான்கு பேரைத் தீக்கு மேலே அனுப்பினேன். ஏன் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. காற்று திரும்பியது. நல்லவேளையாக, கவ்வாத்து வெட்டிப் பழகிய பெரியவர் ஒருவர் அதை முதலில் கண்டு, “டேய், கானுக்குள்ள எறங்குங்கடா!” என்று கத்தினார். கான் என்றால் தேயிலை மலையின் வடிகால்; அதன் வழியாகவே நான்கு பேரும் பக்கவாட்டில் வெளியே வந்தார்கள், ஒருவனுக்குப் புருவம் மட்டும் கருகியது. அந்தப் பெரியவர் எனக்கு ஒரு போத்தல் தண்ணீரைத் தந்து, “காலயில தேத்தண்ணிக்குப் பொறவு என்னா குடிச்ச?” என்றார். ஒன்றும் இல்லை.

தாகமும் புகையும் முதலில் தின்பது புத்தியைத்தான். புகையில் உள்ள கார்பன் மொனொக்சைட் தலைவலியில் தொடங்கும், நிதானம் போனது நமக்கே தெரியாது. அதனால் இப்போது இப்படிச் செய்கிறோம்:

லீடர்தான் முதலில் உட்காருவார். எல்லாரும் பார்க்கிற மாதிரி உட்கார்ந்து குடிப்பார். அவர் நின்றால் பதினெட்டு வயதுப் பையன் உட்காரவே மாட்டான். இருபது நிமிடத்துக்கு ஒரு கிளாஸ்; வெறும் தண்ணீர் மட்டும் போதாது, ரொட்டியும் சம்பலும் உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் ஜீவனி (உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல்).

“ஓகேயா?” என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். “கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போன, என்னா கலர்?” என்று கேட்கிறேன். முதல் நாள் சிரித்தார்கள். ஆனால் இதற்கு “ஓகே அண்ணே” என்று பதில் சொல்ல முடியாதே. வெளிர் மஞ்சள் என்றால் சரி. பிளேன்டி (பால் விடாத தேத்தண்ணி) நிறம் என்றால் அவனுக்கு வேலை முடிந்தது. தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பிடிக்கும் அறிகுறியாக இருக்கலாம், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பேச்சு குழறினால் பேச்சே இல்லை, நிழலில் கிடத்தித் தண்ணீரை ஊற்றிக்கொண்டே ஆம்புலன்ஸுக்கு, 1990க்கு, அழையுங்கள்.

படி 4: இறங்கின பிறகு

அன்றைக்கே, குளித்துச் சாப்பிட்டதும் பத்து நிமிடம். என்ன செய்ய நினைத்தோம், என்ன நடந்தது, ஏன், அடுத்த தடவை என்ன. உங்கள் தப்பை நீங்களே முதலில் சொல்லுங்கள். நான் சொன்ன பிறகுதான், புருவம் கருகிய தம்பி மேலே போகும்போதே தனக்குப் பயமாக இருந்ததாகச் சொன்னான். “ஏன்டா சொல்லல?” என்றேன். “நீங்க கேக்கலயே அண்ணே.”

பின்சேர்க்கை

வெலிமடைப் பக்கத்து அக்கா ஒருவர் எழுதியிருந்தார்: “தம்பி, எங்க குழுவுல பாதிப் பேர் பொம்பளைங்க. ஒதுங்க மறைவு இல்லேன்னு காலயிலேர்ந்து தண்ணியே குடிக்கிறதில்ல. அவங்ககிட்ட போய் கலர் கேப்பியா?” கொழுந்து மலையில் தினமும் நடக்கிறதுதான், எனக்கு உறைக்கவில்லை. அவர்கள் போத்தலில் ரப்பர் வளையம் மாட்டி, ஒவ்வொரு போத்தலுக்கும் ஒன்று கழற்றுகிறார்களாம். வளையத்தை எண்ணினால் போதும். நாங்களும் மாறிவிட்டோம். மறைவுக்கு ஒரு படங்கும் நான்கு கம்பும் இப்போது சாமானோடு வருகிறது. அதை யார் தூக்குவது என்பதில்தான் ஒவ்வொரு தடவையும் சண்டை.